நாய்க்குட்டிகளிற் குடற்புழு நோய்

கமத்தையும் வீட்டையுங் காக்கும் நாய்கள் குட்டிப் பருவத்திலேயே இறப்பதற்குக் குடற்புழுக்கள் ஒரு முக்கிய காரணமாகும். இப்புழுக்களுட் சில மனிதரையும் பற்றும். 1911 ஆம் ஆண்டில் இலங்கைப் புனுகுப்பூனையிலிருந்து முதன்முதலாக விவரிக்கப்பட்ட கொக்கிப்புழு இனமொன்று, மனிதக் குடலிலும் முதிர்ந்து வாழவல்லது.

தொற்றும் விதம்

வட்டப்புழு, குட்டி தாய் வயிற்றிலிருக்கும்போதே அதனை அடைகின்றது. கொக்கிப்புழுவின் குடம்பிகள் தாய்ப்பால் மூலமாகவும், ஈரமண்ணிலிருந்து தோலைத் துளைத்தும் உட்செல்லும்.

அறிகுறிகள்

வயிறு பருத்தல், உடல் மெலிதல், வாந்தி, வயிற்றோட்டம் என்பன காணப்படும். கொக்கிப்புழு குடற்சுவரைக் கடித்து இரத்தத்தை உறிஞ்சுவதால் முரசு வெளிறும். மலம் தார்போற் கறுக்கும். இந்நிலையிலுள்ள குட்டி சில நாட்களுள் இறக்கக்கூடும். ஆதலின் தாமதியாது மிருக வைத்தியரிடங் கொண்டுசெல்லல் வேண்டும்.

மருந்து கொடுத்தல்

1. 2 வார வயதில் முதன்முறையும், பின்னர் 8 வார வயதுவரை 2 வாரத்துக்கு ஒருமுறையும் கொடுக்க.
2. அதன்பின் 6 மாத வயதுவரை மாதந்தோறும், அதற்குமேல் 3 மாதத்துக்கு ஒருமுறையும் கொடுக்க.
3. குட்டிகளுடன் தாய்க்கும் அந்நாளிலேயே மருந்தூட்டுக. இல்லையேல் நோய் மீண்டுந் தொற்றும்.
4. மருந்தின் அளவு நாயின் நிறையைப் பொறுத்தது. குட்டியை நிறுத்து, மிருக வைத்தியர் கூறும் அளவையே கொடுக்க.

தடுப்பு முறைகள்

கொக்கிப்புழுவின் முட்டைகள் பொரித்து, ஏறக்குறைய ஒரு வாரத்துள் தொற்றும் நிலையை அடையும். ஆகவே மலத்தை நாள்தோறும் அகற்றி ஆழப் புதைத்தல் வேண்டும். படுக்குமிடம் வெயில்பட்டு உலர்ந்திருத்தல் நன்று. பச்சை இறைச்சிக் கழிவுகளை ஊட்டலாகாது. நாய் நடமாடும் ஈரநிலத்திற் பிள்ளைகளை வெறுங்காலுடன் விளையாட விடாதிருத்தலும், நாயைத் தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கைகழுவுவித்தலும் பெற்றோரின் கடமையாகும்.