புவியியல் – மீட்டற் பாடம்
மன்னார் பாலைவனமா?

மாணவர்களே, பருவக்காற்றை மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு பயணமாக நினைத்துப் பாருங்கள். மார்கழி விடுமுறையில் ஹுன்னஸ்கிரியவிலிருந்து வானில் குடும்பத்துடன் புறப்படுகிறீர்கள். கண்டி, மாத்தளை, தம்புள்ளை கடந்து மதவாச்சியில் இடப்பக்கம் திரும்பினால் ஏ14 வீதி மன்னாருக்குப் போகிறது. அம்மா போர்த்திக்கொண்டு வந்த சால்வை தம்புள்ளைக்கு முன்பே மடிக்கு வந்துவிடும்.

நக்கிள்ஸ் மலைச்சாரலில் ஈரக்காற்று மலையில் மோதி மேலெழுகிறது, குளிர்கிறது, மழையாகிறது. மன்னாரோ தட்டையான நிலம். தென்மேல் பருவக்காற்று அங்கும் பலமாக வீசும், ஆனால் அதை மேலே தள்ள மலை இல்லை. ஆகவே பெருமளவு மழை ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை மட்டுமே. ஆண்டு மழைவீழ்ச்சி ஏறத்தாழ 1000 மில்லிமீற்றர்.

தலைமன்னார்ப் பக்கம் மணற்குன்றுகளைக் கண்டதும் பலர் "பாலைவனம்" என்று எழுதிவிடுகிறார்கள். அது பிழை. பாலைவனத்தின் மழை பொதுவாக 250 மில்லிமீற்றருக்கும் குறைவு. இவை கடல் ஒதுக்கிய மணலைக் காற்று குவித்த கரையோர மணற்குன்றுகள். மன்னார் வறள் வலயத்தைச் சேர்ந்தது; பாலைவனம் அன்று. பள்ளிமுனையிலுள்ள பெருக்கமரத்தையும் பாருங்கள். சுற்றளவு ஏறத்தாழ 19 மீற்றர்! ஆபிரிக்காவுக்குரிய இம்மரத்தை அராபிய வணிகர் கொண்டுவந்தனர் என்பர். வரட்சியைத் தாங்க அடிமரத்தில் நீரைச் சேமிக்கும்.

இனிப் பறவைகள். வங்காலையில் வானை நிறுத்தச் சொல்லுங்கள். 2008 இல் சரணாலயமாகவும் 2010 இல் ராம்சார் ஈரநிலமாகவும் பிரகடனப்படுத்தப்பட்ட இடம் இது. வடக்கே குளிர்காலம் தொடங்க, மத்திய ஆசியப் பறப்புப் பாதையால் ஊசிவால் வாத்துகளும் கரையோரப் பறவைகளும் இங்கு வருகின்றன. பூநாரைகளும் கூட்டமாக நிற்கும். அவை தலையைக் கவிழ்த்து, அலகால் உவர்நீரை வடித்து உண்பவை. இளஞ்சிவப்பு நிறம் அந்த உணவிலிருந்தே வருகிறது. (தம்பி கல்லெறியாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.)

வினாத்தாளில் இப்போது எதிர்பார்க்கக்கூடிய பகுதி இனித்தான். மணலைக் குவித்த அதே காற்றிலிருந்து 2020 மார்கழியில் 'தம்பபவனி' காற்றாலை மின்னுற்பத்தி தொடங்கப்பட்டது. 30 கோபுரங்கள், ஏறத்தாழ 100 மெகாவாற்று. எரிபொருள் இறக்குமதியைக் குறைக்க இது உதவும். ஆனால் சுழலும் விசிறிகள் நிற்பது பறவைகள் வந்துபோகும் தீவில். மேலும் காற்றாலைகள் அமைப்பதை எதிர்த்து மன்னார் மக்கள் 2025 இல் வீதியில் இறங்கினர். இத்தகைய வினாவுக்கு "நல்லது", "கெட்டது" என்று ஒரு சொல்லில் விடையளித்தால் புள்ளி கிடையாது. மின்சாரத் தேவை, பறவைகளின் பாதை, மீனவரின் கவலை என மூன்றையும் எழுதி, உங்கள் முடிவைக் காரணத்துடன் கூறுங்கள். என் முடிவு, காற்றாலை வேண்டும், ஆனால் பறவைகள் இறங்கும் இடத்தில் அல்ல. நீங்கள் மறுத்து எழுதலாம்.

பயிற்சி: ஹுன்னஸ்கிரிய, மன்னார் ஆகிய இரு இடங்களின் மழைவீழ்ச்சி வேறுபடுவதற்கான 2 காரணங்களை விளக்குக.