மொட்டை மாடியில் முதல் ஆடிப்பட்டம்: புதிதாகத் தோட்டம் போடுபவருக்கு ஒரு கடிதம்

தொட்டியில் வளரும் செடிக்கு அடியில் நிலம் கிடையாது. வயலில் நிற்கும் கத்தரி, மேல்மண் காய்ந்தால் வேரை இன்னும் ஆழத்துக்கு இறக்கிக்கொள்ளும். ஒரு பக்கம் சத்துக் குறைந்தால் மறுபக்கம் தேடிப் போகும். மாடியில் பைக்குள் நட்ட கத்தரிக்கு அந்த வழி இல்லை. 12 அங்குல அகலமும் 12 அங்குல உயரமும் உள்ள பையின் கொள்ளளவு ஏறத்தாழ 22 லிட்டர். அதற்குள் இருக்கும் நீரும் காற்றும் சத்தும்தான் அதற்கு எல்லாம். முதல் பட்டத்தில் புதியவர் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருபவை. செடியைப் பார்ப்பதற்கு முன் பையைப் பார்க்கப் பழக வேண்டும்.

பை வாங்குவதற்கும் முன்னால் மாடி எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பது நல்லது. ஆட்கள் ஏறிப் புழங்கும் தட்டையான கூரைக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ என்ற கணக்கில்தான் இந்தியத் தரநிர்ணயம் சுமையை வகுத்திருக்கிறது. மேற்சொன்ன அளவுள்ள ஒரு பையில் விளிம்புக்கு 2 அங்குலம் கீழ்வரை செம்மண் நிரப்பித் தண்ணீர் ஊற்றினால் எடை 30 கிலோவை எட்டும். சதுர மீட்டருக்குப் பத்துப் பையை நெருக்கி அடுக்கினால் 300 கிலோ. மண்ணைக் குறைத்து, தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்தால் எடை பாதிக்குப் பாதி இறங்கும். பைகளை மாடியின் நடுவில் குவிக்காமல், கைப்பிடிச் சுவரை ஒட்டியும் கீழே உத்தரம் ஓடும் இடங்களிலும் வரிசையாக வைக்கலாம். மரக்கட்டையும் செங்கலும் தாங்கும் மெட்ராஸ் டெரஸ் கூரை உள்ள பழைய வீடுகளில் கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் ஒரு பைகூட ஏற்ற வேண்டாம். எந்த மாடியானாலும் பை நேராகத் தட்டோட்டின் மேல் உட்காரக் கூடாது. இரண்டு செங்கல்லோ இரும்பு ஸ்டாண்டோ கொடுத்தால் அடியில் காற்று ஓடும், ஈரம் தங்காது, மழைநீர்க் குழாய்க்குப் போகும் வழியும் அடைபடாது. கீழ்வீட்டுக் கூரையில் ஒரு கசிவு வந்தால் தோட்டத்தின் ஆயுள் அன்றோடு முடிந்தது.

பைக்குள் போடும் கலவைக்கு ஊருக்கு ஒரு செய்முறை உண்டு. செம்மண் ஒரு பங்கு, நார்க்கழிவு ஒரு பங்கு, மண்புழு உரமோ மக்கிய தொழுவுரமோ ஒரு பங்கு என்பது புதியவர் கைக்கு அடங்கும் கணக்கு. நார்க்கழிவுக் கட்டியைப் பிரித்ததும் அப்படியே போடுவது பலர் செய்யும் பிழை. அதில் உப்பு இருக்கும். தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றிய பிறகே கலக்க வேண்டும். மக்காத சாணமும் சமையலறைக் காய்கறிக் கழிவும் பையில் நேராகப் போகக் கூடாது. அவை மக்கும்போது கிளம்பும் சூடு வேரைச் சுடும்; எலியும் வரும். தோட்டக்கலைத் துறை மானியத்தில் தரும் மாடித்தோட்டத் தளையில் உயிர் உரங்களோடு டிரைக்கோடெர்மா விரிடி என்ற பூஞ்சாணப் பொடியும் இருக்கும். பலர் அதைப் பிரிக்காமலே அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். உண்மையில் தளையில் முதலில் கைவைக்க வேண்டியது அதுதான். கலவையோடு சேர்த்து ஒரு வாரம் நிழலில் லேசான ஈரத்தோடு வைத்திருந்தால் நாற்றழுகலும் வேரழுகலும் குறையும்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்ற பழமொழி மாடிக்கும் பொருந்தும். சித்திரை வைகாசி வெயிலில் தளம் கொதிக்கும். முளைத்த நாற்று ஒரே மதியத்தில் கருகும். ஆடியில் காற்றும் மாலை மழையும் சூட்டைக் கொஞ்சம் தணிக்கின்றன. ஆடித் தொடக்கத்தில் ஊன்றிய செடி, ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்குள் தண்டு முற்றி நின்றுவிடும். இந்தப் பட்டத்தைத் தவறவிட்டவர் புரட்டாசியில் அவசரப்பட்டு விதைப்பதைவிடத் தைப்பட்டத்துக்குக் காத்திருப்பது மேல்.

முதல் பட்டத்துக்குப் பத்துப் பை போதும். முப்பது பையோடு தொடங்கி, கார்த்திகையில் இருபது காலிப் பையோடு நிற்கும் மாடிகள் நகரத்தில் ஏராளம். பத்தில் இரண்டு கீரைக்கு. சிறுகீரை 25 முதல் 30 நாளில் பறிப்புக்கு வரும். அவ்வளவு சீக்கிரம் கைக்குப் பலன் தரும் பயிர்கள் குறைவு. கீரை விதை மிகச் சிறியது. ஒரு பிடி மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லிசாக மண் மூடி, பூவாளியால் நனைக்க வேண்டும். எறும்பு விதையைத் தூக்கிக்கொண்டு போவது வழக்கமான தொல்லை. பையைச் சற்றுத் தள்ளி ஒரு கை அரிசி நொய்யைப் போட்டுவைக்கும் பழக்கம் இன்னும் வீடுகளில் இருக்கிறது. எறும்புக்கும் வேலை கிடைக்கும், விதையும் பிழைக்கும்.

அடுத்து வெண்டை. நாற்றுவிடத் தேவையில்லை, பைக்கு இரண்டு விதையாக நேரே ஊன்றி, தேறியதை வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளிவிடலாம். 45 நாளில் காய் வரும். பூத்த ஐந்தாறு நாளில் பறித்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு என்று விட்டுவைத்த காய் நாராகிவிடும். வெண்டையின் பெரிய பகை மஞ்சள் நரம்புத் தேமல். வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோய் அது. வந்த செடிக்கு மருந்தில்லை, பிடுங்கி அப்புறப்படுத்துவது ஒன்றே வழி. இந்நோயைத் தாங்கும் அர்கா அனாமிகா ரகம் பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் உருவானது.

கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றையும் குழித்தட்டில் நாற்றுவிட்டு எடுத்து நடுவது முறை. தக்காளிக்கு 25 நாள், கத்தரிக்கு ஒரு மாதத்துக்குச் சற்று மேல், மிளகாய்க்கு 40 நாள். நாற்றை மாலையில் நட வேண்டும். தக்காளி பூத்தும் காய்க்காவிட்டால் உரக்கடைக்கு ஓடுவதற்கு முன் இரவின் வெக்கையை நினைத்துப் பார்க்கலாம். இரவு குளிராத நாட்களில் அதன் பூ உதிர்வது இயல்பு. பழத்தின் அடிப்பக்கம் கறுத்துப்போனால் காரணம் பெரும்பாலும் தண்ணீர். ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றும்போது சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேருவதில்லை. முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டால் அன்றே சரியாகும் என்பது வெறும் ஆறுதல். ஓடு மட்கி வேருக்குப் போக மாதங்கள் ஆகும்.

கொடிகளில் புடலை, பாகல், பீர்க்கு எதுவானாலும் ஒன்று போதும். பை 18 அங்குலமாவது இருக்க வேண்டும், பந்தலும் வேண்டும். முதலில் வருபவை எல்லாம் ஆண் பூக்கள்; அவை உதிர்வதைப் பார்த்துப் பலர் மனம் உடைகிறார்கள். பூவுக்கு அடியில் பிஞ்சு போலச் சின்ன உருண்டை இருந்தால்தான் அது பெண் பூ. வண்டு வராத உயரத்தில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் நடுவில் தடவ வேண்டியிருக்கும். பாகல் காலையில் மலரும், பீர்க்கு சாயங்காலம். நேரம் மாறினால் தடவியும் பயனில்லை. பந்தல் அவரை வேறு கதை. ஆடியில் போட்டாலும் பகல் குறுகும்வரை அது கொடியாகவே ஓடும். பொறுமை இல்லாதவர் குத்து அவரை போடலாம்.

மூலிகையில் புதினாவுக்கு விதை தேடி அலைய வேண்டாம். சந்தையில் வாங்கிய கட்டில் இலையை ஆய்ந்துவிட்டுத் தண்டைச் செருகினால் வேர் விடும். கற்பூரவல்லியும் அப்படியே. கொத்தமல்லி அடம்பிடிக்கும் பயிர். ஒரு மல்லியில் இரண்டு விதை ஒட்டியிருக்கும். உருட்டுக்கட்டையால் உருட்டி இரண்டாகப் பிளந்து போட வேண்டும். முளைக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், வெயில் கூடினால் இலை வைக்காமல் பூவுக்கு ஓடிவிடும். முதல் பட்டத்தில் வெந்தயக்கீரை போதும் என்பதே இக்கடிதத்தின் கட்சி.

பூக்களுக்குச் செண்டுமல்லி. காய்ச்செடிகளுக்கு நடுவில் ஒன்றிரண்டு வைத்தால் தேனீ வரும். வேர் நூற்புழுவையும் அடக்கும். குண்டுமல்லி வைப்பவர் ஓர் ஆண்டாவது காத்திருக்கச் சித்தமாக இருக்க வேண்டும். கார்த்திகையில் கவாத்து செய்தால் பங்குனி முதல் பூக்கும்.

தண்ணீரே மாடித்தோட்டத்தின் முழு வித்தை. வாடிச் செத்த செடியைவிட அழுகிச் செத்தவைதான் அதிகம். விரலை ஒரு அங்குலம் உள்ளே விட்டுப் பார்த்து, ஈரம் இருந்தால் அன்று விட்டுவிட வேண்டும். மதியம் இலை தொங்குவது தாகத்தால் மட்டும் இல்லை. மாலையில் தானாக நிமிர்ந்தால் அது வெயிலுக்கான ஒதுங்கல். மாடியில் இருக்கும் பிளாஸ்டிக் தொட்டித் தண்ணீர் நண்பகலில் வெந்நீராக இருக்கும். அதை ஊற்றுவது வேரை அவிப்பதற்குச் சமம். காலை ஏழு மணிக்குள் ஊற்றிவிடுவது உத்தமம். கடலோரப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்றின் உப்பு, பையின் மேல் வெள்ளையாகப் படியும். மழைநீர் ஒரு முறை நன்றாக இறங்கினால் அது கழுவிப்போகும். ஐப்பசி அடைமழையில் வேலை தலைகீழ். பையின் துளைகளைக் குச்சியால் குத்தித் திறந்து வைப்பதும், செடிக்குக் குச்சி கட்டுவதும் மட்டுமே அப்போதைய வேலை.

ஊற்றும் தண்ணீர் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சத்தை வெளியே அடித்துக்கொண்டு போகிறது. அதனால் 15 நாளுக்கு ஒருமுறை பைக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரமும், ஊறவைத்த கடலைப் புண்ணாக்கைப் பத்து மடங்கு தண்ணீரில் கரைத்ததும் வேண்டும். கொடுமுடி மருத்துவர் நடராஜன் பரவலாக்கிய பஞ்சகவ்யத்தை லிட்டருக்கு 30 மில்லி கலந்து தெளிக்கலாம். கூடக் கூட நல்லது என்ற கணக்கு இதில் செல்லாது.

பூச்சியைத் தடுக்கத் தினமும் இலையின் அடிப்பக்கத்தைப் பார்க்கும் கண்ணே முதல் மருந்து. எறும்பு வரிசையாகச் செடியேறினால் மேலே மாவுப்பூச்சியோ அசுவினியோ இருக்கிறது என்று பொருள். அவற்றின் இனிப்புக் கழிவுக்காகவே எறும்பு காவல் நிற்கிறது. ஆரம்பத்தில் தண்ணீரைப் பீய்ச்சினாலே போதும். மிஞ்சினால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் காதி சோப்பும் கலந்து மாலையில் தெளிக்கலாம். கத்தரியின் நுனி தலைசாய்ந்தால் உள்ளே துளைப்பான் புழு இருக்கும். அந்த நுனியைக் கிள்ளி நசுக்கிவிட வேண்டும், தெளித்துப் பயனில்லை. அணிலுக்கு வலை தவிர வேறு பரிகாரம் கிடையாது.

மார்கழியில் பைகள் ஓய்ந்ததும் கலவையைக் கொட்டி, வேரை அரித்து, இரண்டு நாள் வெயிலில் உலர்த்தி, கால் பங்கு புது மண்புழு உரம் சேர்த்தால் தைக்குத் தயார். தக்காளி இருந்த பையில் மீண்டும் தக்காளியோ கத்தரியோ மிளகாயோ வேண்டாம். மூன்றும் ஒரே குடும்பம், நோயும் பொது. அங்கே கீரையோ கொத்தவரையோ போடலாம். நன்றாகக் காய்த்த நாட்டு வெண்டையில் ஒரு காயைப் பறிக்காமல் செடியிலேயே முற்றவிட்டால் அதற்குள் பல பைகளுக்கு ஆகும் விதை இருக்கும்.