‘மரம்’ 202 ஆனது எப்படி?
சின்ன கீபோர்டு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

புது கீபோர்டைச் செருகி ‘மரம்’ என்று அடித்தேன். திரையில் ‘202ஃ’ என்று வந்தது. மறுபடி அடித்தேன், மறுபடியும் 202ஃ. லேப்டாப்பில் இருப்பதைப் போலவே தட்டையாக, ஏறக்குறைய ஓர் அடி அகலத்தில், யூஎஸ்பி வயரோடு வரும் சின்ன ரகம் அது. எட்டிப் பார்த்த நண்பர், “சின்னதெல்லாம் இப்படித்தான் சார், திருப்பிக் கொடுத்துடுங்க” என்றார். நல்லவேளை, கொடுக்கவில்லை. அதில் ஒரு பழுதும் இல்லை. இந்த ரகத்தைப் பற்றி இப்படி உலவும் பேச்சுகளில் சிலவற்றைப் பார்ப்போம்.

நம்பிக்கை: சின்ன கீபோர்டில் எழுத்துகள் நெருக்கியடித்து இருக்கும், விரல் இடிக்கும்.

உண்மை: ஒரு ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்த விசையின் நடு வரை, பெரிய கீபோர்டில் சுமார் 19 மி.மீ. இருக்கும். சின்ன ரகங்களில் பலவும் எழுத்துப் பகுதியில் இதே அளவைத்தான் வைத்திருக்கின்றன. குறைத்திருப்பது வேறு இடத்தில். வலது ஓரத்து நம்பர்பேட் 4 வரிசை. அதற்கு முன்னால் ஹோம், எண்ட், அம்புக்குறிகள் 3 வரிசை. இந்த ஏழு வரிசையையும் எடுத்துவிட்டால் 13 செ.மீ.க்கு மேல் மிச்சம். மவுஸும் அவ்வளவு கிட்டே வந்துவிடும். வலது கையை அகட்டி நீட்ட வேண்டியதில்லை. ஆனால், டேலியில் நாள் முழுக்க எண்களைப் போடுபவருக்கு இது சரிப்படாது. அவருக்கு நம்பர்பேட்தான் சோறு போடுகிறது.

நம்பிக்கை: எழுத்துக்குப் பதில் எண் விழுந்தால் கீபோர்டு கெட்டுவிட்டது.

உண்மை: நம்பர்பேடை எடுத்துவிட்ட சில தயாரிப்பாளர்கள், அதை எழுத்துகளுக்குள்ளேயே ஒளித்து வைக்கிறார்கள். ஜே, கே, எல் விசைகள் 1, 2, 3. யு, ஐ, ஓ விசைகள் 4, 5, 6. எம் விசை 0. விசையின் மூலையில் வேறு நிறத்தில் இந்த எண்கள் பொடியாக அச்சிடப்பட்டிருக்கும். ‘நம் லாக்’ (Num Lock) விசை ஆன் ஆகிவிட்டால் எழுத்து மறைந்து எண் வரும். நான் அடிக்கும் தமிழ்99 விசைப்பலகை முறையில் ‘ம’ இருப்பது கே விசையில், ‘ர’ இருப்பது எம் விசையில். அதனால்தான் என் மரம் 202 ஆனது. அந்த முறையில் புள்ளிக்கும் ஆய்தத்துக்கும் ஒரே விசைதான்; புள்ளி வைக்க முன்னால் எழுத்து இல்லாததால், கடைசியில் ஆய்தம் தனியாக நின்றது.

அழுத்தாத நம் லாக் எப்படி ஆன் ஆகும்? பல டெஸ்க்டாப் கணினிகள் தொடங்கும்போதே அதை ஆன் செய்துவிடுகின்றன. விண்டோஸில் இரண்டு கீபோர்டு செருகியிருந்தால், ஒன்றில் நம் லாக்கைத் தட்டினால் மற்றதிலும் மாறும். பாஸ்வேர்டு ‘தப்பு’ என்று கணினி அடம்பிடித்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

நம்பிக்கை: தமிழில் அடிக்க, தமிழ் எழுத்து பொறித்த கீபோர்டு வேண்டும்.

உண்மை: எந்த எழுத்து பொறித்திருக்கிறது என்பது கீபோர்டுக்கே தெரியாது. யூஎஸ்பி கீபோர்டு கணினிக்கு அனுப்புவது ஓர் எண்ணை மட்டுமே. ஆங்கில ‘ஏ’ இருக்கும் விசைக்கு எண் 4. அந்த 4-ஐ ‘ஏ’ என்று படிப்பதா, ‘அ’ என்று படிப்பதா என்பதைக் கணினிதான் முடிவு செய்கிறது.

பொறித்த எழுத்தைவிட விசை இருக்கும் இடம்தான் முக்கியம். 1999-இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 அமைப்பில் ச, ஞ இரண்டும் சதுர அடைப்புக்குறி விசைகளில் உள்ளன. ‘ந’ அரைப்புள்ளியில், ‘ய’ ஒற்றை மேற்கோளில், ‘ழ’ சாய்கோட்டில். ஆங்கிலக்காரர் எப்போதாவது தொடும் விசைகள் இவை. இடம் போதாதபோது தயாரிப்பாளர் முதலில் ஒடுக்குவதும், இடம் மாற்றுவதும் இந்த ஓரத்து விசைகளைத்தான். ஆங்கிலத்தில் அடிப்பவருக்கு அது சின்னத் தொல்லை. நமக்கோ ஒவ்வொரு வரியிலும் தடுக்கும் கல்.

நம்பிக்கை: மெல்லத் தொட்டால் எழுத்து விடுபடும், ஓங்கி அடிக்க வேண்டும்.

உண்மை: இது டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் படித்த கைகளின் பழக்கம். அங்கே விரலின் பலம்தான் அச்சுக் கம்பியைத் தூக்கிக் காகிதத்தில் அடித்தது. அழுத்தினால் எழுத்தும் அழுத்தமாக விழுந்தது. லேப்டாப் பாணி விசைக்கடியில் இருப்பதோ கத்தரிக்கோல் போலக் குறுக்காகக் கோத்த இரண்டு பிளாஸ்டிக் சட்டங்கள், நடுவில் ஒரு ரப்பர் குமிழ், அதற்கும் கீழே மெல்லிய தாள்கள். விசை இறங்குவதே 2 மி.மீ. அளவுதான்; சாதாரண டெஸ்க்டாப் கீபோர்டில் அது 4 மி.மீ.யை ஒட்டி இருக்கும். தாள்கள் தொட்டதும் எழுத்து போய்விட்டது. அதற்கு மேல் கொடுக்கும் பலம் முழுவதும் விரல் நுனிக்கே திரும்பி வருகிறது.

நம்பிக்கை: கணினி ஓடும்போது கீபோர்டு வயரைப் பிடுங்கக் கூடாது.

உண்மை: ஊதா நிற வட்டப் பின் இருந்த காலத்தில் இது சரியான எச்சரிக்கை. யூஎஸ்பி, ஓடும்போதே செருகவும் எடுக்கவும் என்றே வடிவமைக்கப்பட்டது. வயருக்கு இன்னொரு பயனும் உண்டு: விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே, பயாஸ் திரையிலேயே அது வேலை செய்யும். புளூடூத் கீபோர்டுகள் பெரும்பாலும் அங்கே ஊமையாகிவிடும்.

ஆக, கடையில் “சின்னதா, பெரிசா?” என்று கேட்பதைவிட, “எதைக் குறைத்திருக்கிறார்கள்?” என்று பார்ப்பதே நல்லது. தமிழ்99 பழகியவருக்கு ஒரு சோதனை உண்டு, கணினிகூட வேண்டாம். கீபோர்டின் மேல் ‘ஞாயிறு சந்தையில் வாழைப்பழம்’ என்று விரலை ஓட்டிப் பாருங்கள். ஞ, ய, ச, ந, ழ ஐந்தும் இதில் வந்துவிடும். ஐந்திலும் விரல் தேடாமல் போய் உட்கார்ந்தால், பில் போடச் சொல்லுங்கள்.