கால் முறிந்த சிறுவனும் உழைச்செல்வாரும்

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்துள்ளார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து என்னும் மூன்றினை அடுத்து நான்காவதாக நிற்பவன் உழைச்செல்வான். உழை என்பது பக்கம். நோயாளியின் பக்கத்திருந்து பணிசெய்வோனை அச்சொல் குறிக்கும். அன்புடைமை, மனமொழிமெய்களின் தூய்மை, சொல்லியவற்றை அவ்வாறே செய்யும் வன்மை, அறிவுடைமை என்னும் நான்கும் அவனுக்குரியன எனப் பரிமேலழகர் விரித்துரைப்பர். வகுப்பில் இவ்வுரையைக் கேட்டபொழுது, தேர்வுக்கு மனப்பாடஞ் செய்யவேண்டிய ஒரு பட்டியலாகவே யான் அதனைக் கொண்டேன். அதன் பொருளை எனக்கு உணர்த்தியது எங்கள் இல்லத்தில் நேர்ந்த ஒரு துன்பமாகும்.

சென்ற கோடை விடுமுறையில், ஏழு வயதினனாகிய என் தம்பி கொய்யா மரத்தினின்று வீழ்ந்து வலக்கால் முறிந்தான். அவனைப் பார்த்துக்கொள்ளுமாறு என்னிடம் கூறிவிட்டு அன்னையார் கடைத்தெருவுக்குச் சென்றிருந்தனர். யான் திண்ணையில் புத்தகமும் கையுமாக இருந்தேன். மருத்துவமனையில் எக்ஸ் கதிர்ப் படம் எடுத்துப் பார்த்து, முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பு முறிந்துள்ளது, ஆயினும் இடம் பெயரவில்லை என்றனர். தொடை முதல் கால்விரல்களின் அடிவரை மாவுக்கட்டு இடப்பெற்றது. மருத்துவர் பணி ஒரு மணி நேரத்தில் முடிந்தது. எங்கள் பணியோ ஏழு வாரம் நீண்டது.

கட்டு என்பது எலும்பை ஒட்டவைப்பதன்று. அதனை அசையாமல் நிறுத்துவதே. முறிந்த முனைகளுக்கிடையே முதலில் குருதி உறைகின்றது. இரண்டு மூன்று வாரங்களில் குருத்தெலும்பு போன்ற மெல்லிய புதுத்தசை தோன்றி முனைகளைப் பிணைக்கின்றது. பின்னர்ச் சுண்ணச்சத்து ஏறி அது கடினமாகின்றது. சிறுவர்தம் எலும்பைப் போர்த்துள்ள உறை தடித்ததாதலின், பெரியோரினும் அவர்கட்கு விரைவிற் கூடும். துணியில் மாவைத் தேய்த்துக் கட்டும் முறையை 1852-ஆம் ஆண்டில் வெளியிட்டவர் மத்தைசன் என்னும் ஒல்லாந்துப் படை மருத்துவர். நம் நாட்டு வைத்தியர் மூங்கிற் சிம்புகளை வைத்து, முட்டை வெண்கருவும் உளுந்து மாவும் பூசிக் கட்டுவதும் அந்நோக்கத்தினதே. பிரெஞ்சு நாட்டு ஆந்திரி என்பார் 1741-இல் இத்துறைக்குப் பெயரிடுகையில் 'நேர்', 'குழவி' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொற்களைப் புணர்த்தார்; கோணிய இளமரத்தை ஒரு முளையோடு பிணித்த படத்தையும் தம் நூலில் அமைத்தார். முளை மரத்தை வளர்ப்பதில்லை. வளருங்கால் துணை நிற்கின்றது. உழைச்செல்வார் நிலையும் அதுவே.

முதலிரண்டு நாளும் அறிவுடைமைக்கு வேலை இருந்தது. காலைத் தலையணைகளின்மேல் உயர்த்திவைத்து, விரல்கள் வெளுக்கின்றனவா, குளிர்கின்றனவா, அசைகின்றனவா என்று இரவும் பகலும் பார்க்குமாறு மருத்துவர் பணித்திருந்தார். வீக்கத்தால் கட்டு இறுகிக் குருதியோட்டம் தடைப்படின் காலுக்கே கேடாம். வலி தணியாது மிகுமாயின் விடியும்வரை காத்திராது மருத்துவமனைக்கு ஓடல் வேண்டும். கட்டு எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு நன்று என்றிருந்த பாட்டியார், காரணங் கேட்டபின், தாமே விளக்கைப் பிடித்து விரல்களை எண்ணிப் பார்ப்பாராயினர்.

சொல்லியவாறு செய்தல் இரண்டாம் வாரத்தில் அரிதாயிற்று. கட்டின் உள்ளே அரிப்பெடுத்துத் தம்பி அழுதான். ஓர் ஈர்க்கை உள்ளே விட்டுச் சொறியுமாறு என்னை இரந்தான். உள்ளே தோல் கிழியின் புண்ணாகி, வெளியே தெரியாமற் சீழ்பிடிக்கும் என்று முன்னரே எச்சரித்திருந்தனர். அறிந்திருந்தும் யான் துடைப்பத்தினின்று ஓர் ஈர்க்கை உருவிவிட்டேன். அன்னையார் அதனை என் கையினின்று வாங்கி, "இது அவன்மேல் வைத்த அன்பு அன்று, உன் மனச்சுமையை இறக்கும் வழி" என்றனர். அவர் அறியாத ஒன்றை அறிந்தே கூறினாரோ என யான் நடுங்கினேன்.

அறியாததொன்று இருந்தது. மரத்தினின்று தம்பி, "அண்ணா, இறங்கத் தெரியவில்லை" என்று மும்முறை அழைத்தான். "இதோ" என்று விடையிறுத்தேனேயன்றித் தலை நிமிர்ந்திலேன். அவன் அதனை ஒருவரிடமும் கூறவில்லை. குற்றம் தன்னதென்றே சொல்லிவந்தான். இதற்கிடையே, எங்கள் நான்கு வயதுத் தங்கை தன் காலில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு, தனக்கும் வலிக்கின்றதென்று கட்டிலருகே படுத்தாள். எல்லோர் கண்ணும் ஒரு பிள்ளைமேலிருக்க, மற்றொரு பிள்ளை பார்ப்பாரின்றி இருந்தமை அன்றுதான் எங்கட்குத் தெரிந்தது. தந்தையார் அவளை மடியிலிருத்திச் சோறூட்டினார். பார்க்கத் தவறுவது எத்துணை எளிதென்று கண்ட அவ்விரவில், யான் பெற்றோரிடம் உண்மையை உரைத்தேன். தந்தையார் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "நாளை முதல் அவனுக்குப் பாடஞ் சொல்லிக்கொடு, அவன் அழைத்தால் நிமிர்ந்து பார்" என்றார். மனமொழிமெய்த் தூய்மை என்பது கைகழுவுதலினும் அரிதென அறிந்தேன்.

அன்பை ஈற்றில் வைத்ததற்குக் காரணம் உண்டு. ஏழாம் வாரத்தில் கட்டை அறுத்தெடுத்தபோது கால் மெலிந்து, தோல் உரிந்து, முழங்கால் மடங்காது நின்றது. பாட்டியார் கண்ணீர் விட்டனர். பயன்படாத தசை மெலிவது இயல்பு, நடக்க நடக்கத் திரும்பும், சில வாரம் நொண்டினும் அஞ்சவேண்டா என்று மருத்துவர் கூறினார். ஆயினும் தம்பி ஊன்ற அஞ்சினான். நாங்களோ ஏழு வாரம் தூக்கிப் பழகியோம். தூக்குவதே எங்கட்கும் எளிதாயிருந்தது. மூன்றாம் நாள் அன்னையார் எங்களை விலகி நிற்கச் சொன்னார். கட்டிலுக்கும் வாயிற்படிக்கும் இடையே ஆறடி தூரம். படியருகே யான் அமர்ந்திருந்தேன். கையில் நூல் இல்லை. அவன் சுவரைப் பற்றி நின்று, "அண்ணா" என்றான். நிமிர்ந்து பார்த்தவாறே இருந்தேன். எழுந்து சென்று பிடித்திலேன். நொண்டி நொண்டி அவனே வந்து சேர்ந்தான்.

உழைச்செல்வான் என்பதற்குப் பக்கத்திருப்போன் என்றே அன்று பொருள் எழுதிக்கொண்டேன். அப்பொருளிற் பிழையில்லை. ஆயினும் அருகே அமர்ந்திருந்தும் பக்கத்தில் இல்லாதிருத்தல் கூடும் என்பதனை, கொய்யா மரத்தடியிற் கற்ற யான், உடன்பயிலும் அன்பர்களுக்கு ஈண்டு எடுத்துரைக்கின்றேன்.