எழுதிவைக்கும் விரதம்

வாழ்வுக்கு வழிகாட்டும் கொள்கைகளை எழுதிவைக்க விரும்புவோர், “உண்மையாக நடப்பேன், எவ்வுயிர்க்கும் அன்பு செய்வேன், ஆசையைக் குறைப்பேன்” என்றே பெரும்பாலும் எழுதுவர். நல்ல சொற்களே. ஆயினும், “இன்று இவற்றில் தவறினேனா?” என்று மாலையில் வினவினால், அவற்றிலிருந்து தெளிவான விடை கிடைப்பதில்லை. விடை தராத கொள்கை ஒருவரை நெறிப்படுத்தாது.

வந்தவாசி, திண்டிவனம் பக்கத்துச் சிற்றூர்களில் நாம் கூடி வாழ்ந்த நாளில், ஊரே நம் ஒழுக்கத்துக்குக் காவலாயிருந்தது. பொழுது சாயுமுன் உண்ணும் வீடுகள் அடுத்தடுத்து இருந்தன. பிழைப்பின் பொருட்டுச் சிதறி, வள்ளூர், எண்ணூர், திருவொற்றியூர் போன்ற தொழிற்பகுதிகளில் குடியேறிய குடும்பங்களுக்கு அக்காவல் இல்லை. ஆதலின் நம் கையால் எழுதிய ஏடே நமக்குக் காவலாக வேண்டும். அதனை எவ்வாறு எழுதுவது?

முதலாவது, தவறும் வழிகளையும் எழுதவேண்டும். ஆசாரியர் சமந்தபத்திரர் அருளிய இரத்தினகரண்ட சிராவகாசாரம் இல்லறத்தார்க்கு 5 அணுவிரதங்களை வகுத்ததோடு நில்லாமல், ஒவ்வொன்றுக்கும் 5 அதிசாரங்களை, அதாவது அவ்விரதம் மாசுபடும் வழிகளை, எண்ணிக் காட்டுகிறது. அதனைத் தழுவித் தமிழில் எழுந்ததே அருங்கலச்செப்பு. உறுப்பறுத்தல், கட்டிவைத்தல், அடித்துத் துன்புறுத்தல், அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுதல், உணவு மறுத்தல் ஆகியவை கொல்லாமைக்குரிய அதிசாரங்கள். கலப்படமும் அளவையில் ஏமாற்றுதலும் கள்ளாமைக்கும், பொய்ப்பத்திரம் எழுதுதல் வாய்மைக்கும் மாசாகும்.

“உயிர்க்கொலை புரியேன்” என்று எழுதுவது நம்மில் எவர்க்கும் எளிது. ஆனால் சுமை பற்றிய அதிசாரத்தை நம் தெருவில் வைத்துப் பாருங்கள். லாரி வைத்திருப்பவர், “அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றேன், ஓய்வின்றி ஓட்டுநரை அனுப்பேன்” என்று எழுதலாம். இல்லத்தரசி, “பேசிய வேலைக்கு மேல் பணிப்பெண்ணிடம் வாங்கேன்” என்று எழுதலாம். இவ்வாறு எழுதியபின்தான் கொல்லாமை அன்றாட வாழ்வில் இறங்குகிறது.

இரண்டாவது, சொல்லின் எல்லையை வரையறுக்கவேண்டும். காந்தியடிகள் 1888ஆம் ஆண்டு இங்கிலாந்து செல்லுமுன், பேசர்ஜி சுவாமி என்னும் சமணத் துறவியின் முன்னிலையில், மது, மாது, புலால் மூன்றையும் தீண்டேன் என அன்னைக்கு உறுதியளித்தார். இலண்டனில் முட்டை புலாலாகுமா என்ற வினா எழுந்தது. உறுதி பெற்ற அன்னை எதனைப் புலால் என்று கருதினாரோ அதுவே தமக்கும் பொருள் என்று முடிவு செய்து, முட்டையை அவர் விலக்கினார். ஐயம் எழும்போது நமக்கு வசதியான பொருளைத் தேடாதிருக்க, எழுதும்போதே பொருளைத் தெளிவாக்குதல் நன்று.

மூன்றாவது, அளவும் காலமும் குறிக்கவேண்டும். மிகுபொருள் விரும்பாமை “பரிமித பரிக்கிரகம்” எனப்படும். பரிமிதம் என்றால் அளவுக்குட்பட்டது. “ஆசையைக் குறைப்பேன்” என்பதற்கு மாறாக, “பட்டுப்புடவை 6க்கு மேல் வைத்திரேன்” என்பதே விரதமாகும். காலத்தைப் பொறுத்து, வாழ்நாள் முழுமைக்கும் ஏற்பது யமம், வரையறுத்த காலத்துக்கு ஏற்பது நியமம் என்று அந்நூல் பிரிக்கிறது. ஒரு பகல், ஓரிரவு, ஒரு பட்சம், ஒரு மாதம் எனவும் நியமம் ஏற்கலாம்.

இப்பிரிவு இளைஞர்க்குப் பெருந்துணை. அனல்மின் நிலையத்திலோ துறைமுகத்திலோ முறை மாற்றி இரவுப்பணி செய்யும் மகன், இரவுண்ணாமையை முற்றும் காக்க இயலவில்லை என்று முழுவதுமாகக் கைவிடுவதுண்டு. “பகற்பணி நாள்களிலும் விடுப்பு நாள்களிலும் கதிர் மறையுமுன் உண்பேன், இம்மாதம் முழுதும் காப்பேன்” என்று அவன் எழுதட்டும். காக்க முடிந்த சிறு நியமம், எழுதி மறந்த பெரிய யமத்தினும் மேலானது. பெற்றோர் அதனை எள்ளாதிருத்தல் வேண்டும்.

எல்லாப் பண்புகளும் விதியாகிவிடா என்பதையும் உணரவேண்டும். 1915ஆம் ஆண்டு அகமதாபாத்தில் தொடங்கிய ஆசிரமத்தின் விதிகளைக் காந்தியடிகள் எழுதி அன்பர்களின் கருத்துக்கு அனுப்பியபோது, பணிவையும் ஒரு விரதமாகச் சேர்க்கலாம் என்றார் சர் குருதாஸ் பானர்ஜி. விரதமாக்கினால் பணிவு பணிவாகவே இராது என்று காந்தியடிகள் அஞ்சினார். ஆகவே நம் ஏட்டில் குணங்களின் பெயர்களை நிரப்பவேண்டாம். செய்வதும் செய்யாததுமே அதில் இடம்பெறட்டும்.

பயிற்சி: தசலட்சண பருவத்தின் 10 நாள்களுக்கு ஒரே ஒரு நியமத்தைக் குடும்பத்தில் ஒவ்வொருவரும் தம் கைப்பட எழுதுக. குழந்தைக்காகப் பெரியோர் எழுதலாகாது; அவளே சொல்லட்டும், அவளே எழுதட்டும். கீழே அது தவறக்கூடிய வழிகள் இரண்டினைக் குறிக்க. நாள்தோறும் மாலையில் “காத்தேன்” அல்லது “தவறினேன்” என ஒரு சொல் மட்டும் எழுதுக. பிறர் ஏட்டைப் பார்த்துக் குறை கூறவேண்டாம். பதினோராம் நாள் நியமத்தை நீட்டிப்பதா, திருத்துவதா என்று அவரவரே முடிவு செய்க.

அறம் வளர்க!