கதை நிற்கும் இடத்தில் காது கொடு

காவேரிப்பட்டணம்
வைகாசி மாதம்

அன்புள்ள மருமகனுக்கு,

அத்தை எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். மாங்காய் லோடு ஏற ஆரம்பித்துவிட்டது. உன் மாமாவுக்கு மண்டியை விட்டு நகர நேரமில்லை.

சூளகிரிப் பக்கம் ஒரு திடலில் கர்ண மோட்சம் பார்த்ததாக எழுதியிருந்தாய். பாட்டில் பாதி புரியவில்லை, நடுவில் அலுத்துப்போய் மணி பார்த்தேன், ஆனாலும் எழுந்து போக மனம் வரவில்லை, இதை முறையாகப் பார்க்க என்ன படிக்கணும் அத்தை என்று கேட்டிருக்கிறாய். கோவில்பட்டிப் பக்கம் வள்ளி திருமணமும் பவளக்கொடியும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இந்தப் பக்கத்துக் கூத்து புதிதுதான். ஓசூருக்கு வேலைக்கு வந்த இடத்தில் இப்படி ஒரு ஆசை பிடித்ததில் எனக்குச் சந்தோஷம். போனில் சொன்னால் பாதியில் ஷிப்ட் பஸ் வந்துவிட்டது என்பாய். அதனால் கடிதம்.

புரியவில்லை என்று முதலில் கூச்சப்படாதே. முதல்முறை வருகிறவனையும் மனதில் வைத்துத்தான் கூத்தைக் கட்டியிருக்கிறார்கள். வேஷக்காரர் முதலில் விருத்தம் பாடுவார், தாளம் இல்லாமல் நீட்டி. அடுத்துத் தரு, அது தாளத்தோடு, ஆட்டத்தோடு. பிறகு அதே சங்கதியை வசனத்தில் சொல்வார். அவர் பாடுகிற அடியைப் பின்பாட்டுக்காரர்கள் வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். இத்தனைக்கும் தப்பிப்போனது ஏதாவது இருந்தால், கோமாளியாக வரும் கட்டியக்காரன் கேலியாக ஒரு கேள்வி கேட்டு அதை வெளியே கொண்டுவந்துவிடுவான். ஆகவே நடுவில் இடம் தேடாமல் பின்பாட்டுக்குப் பக்கமாக உட்கார். ஆர்மோனியமும் மிருதங்கமும் தாளமும் அங்கேதான் இருக்கும். முகவீணையும் அங்கேதான். பார்வைக்குச் சின்ன நாதஸ்வரம். குரல் மேலே ஏற ஏற அதுவும் கூடவே ஏறும். அதைத் தனியாகக் காது பிடிக்கத் தொடங்கிவிட்டதென்றால் பாதிப் பாடம் முடிந்தது.

இரண்டாவது, கதையைத் தெரிந்துகொண்டு போ. கர்ணன் செத்துப்போவான் என்பது திடலில் உட்கார்ந்திருக்கும் கிழவிகளுக்குத் தெரியாதா? தெரிந்துதான் பாய் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அவன் எப்படிப் புறப்படுகிறான், யாரிடம் என்ன சொல்லிவிட்டுப் போகிறான் என்று கேட்க வருகிறார்கள்.

நீ பார்த்த ராத்திரியையே எடுத்துக்கொள். பதினேழாம் நாள் போர். களத்துக்குப் போகும் முன் கர்ணன் தன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வருகிறான். வியாசர் பாரதத்தில் இப்படி ஒருத்தி கிடையாது. கூத்தில் அவளுக்குத்தான் நடுராத்திரி. தேரோட்டி வளர்த்த பிள்ளை என்று புருஷனை இளக்காரமாக நினைத்தவள். வெளியே தேர் காத்திருக்கிறது, சல்லியன் காத்திருக்கிறான். உள்ளே இரண்டு பேரும் மாறி மாறிப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். கதை ஓரடி நகராது. நீ மணி பார்த்த இடம் இதுவாகத்தான் இருக்கும். அதைத்தான் கேட்க வேண்டும், கண்ணு. கதை ஓடுகிற வரைக்கும் அதற்கு வசனமே போதும். மனசு ஓரிடத்தில் மாட்டிக்கொண்டு மேலே போக மாட்டேன் என்கிறபோதுதான் மனிதனுக்குப் பாட்டு வேண்டியிருக்கிறது. கூத்தில் கதை எங்கே நிற்கிறதோ அங்கே காதைக் கொடு. நான் சொல்ல வந்ததே இது ஒன்றுதான். மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

உனக்கு அது சிரமம் என்று எனக்குத் தெரியும். நீ பார்ப்பது விநாடியால் அளக்கிற வேலை. லைனில் ஒருவன் கை நின்றால் பின்னால் எல்லாக் கையும் நிற்கும். அந்தக் கையோடு வந்து உட்கார்ந்தால், துரியோதனன் வருகிற அழகு பொறுமையைச் சோதிக்கும். இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடிப்பார்கள். அவன் அதற்குப் பின்னால் நின்றே பாடுவான். கிரீடத்தின் உச்சி தெரியும், சலங்கைக் கால் தெரியும், முகம் தெரியாது. திரை விலகினதும் தோளில் புஜகீர்த்தியும் மார்பில் பதக்கமுமாகச் சுழன்று சுழன்று ஆடி, நான் இன்ன தேசத்து ராஜா என்று கட்டியக்காரனிடம் சொல்லி முடிப்பதற்குள் உன் லைனில் எத்தனையோ பீஸ் போயிருக்கும். போகட்டும். அந்த நேரத்தை எண்ணாமல் இருக்கப் பழகுவதுதான் முதல் சாதகம்.

இது நம் திடலுக்கு மட்டும் உரிய வழக்கமும் இல்லை. பெங்களூரு பிரிகேட் ரோடு முனையில் ஆப்பரா ஹவுஸ் என்று பழைய கட்டடம் ஒன்று இருக்கிறதே, 2018இலிருந்து சாம்சங் போன் விற்கிற இடம், அந்தப் பெயருக்குரிய ஆப்பரா என்ற மேல்நாட்டுப் பாட்டு நாடகமும் நம் கூத்துக்குத் தூரத்துப் பங்காளிதான். 1607இல் இத்தாலியில் மாந்துவா அரண்மனையில் மொன்தெவெர்தி ‘ஓர்ஃபியோ’வை நடத்தியபோது, செத்துப்போன மனைவியைத் தேடிப் பாதாளம் போகிறவனின் கதையை அறியாதவர் சபையில் இருந்திருக்க முடியாது. இருந்தும் வரிகளை அச்சடித்துக் கையில் கொடுத்தார்கள். மேடைக்கு மேலே வரிகளை ஒளியில் காட்டுகிற வழக்கம் 1983இல் டொராண்டோவில்தான் ஆரம்பித்தது. அதற்கு முன்னால் வேற்று மொழி ஆப்பராவுக்குப் போனவர்கள் கதையைப் படித்துவிட்டுப் போய்த்தான் உட்கார்ந்தார்கள். அங்கேயும் கதை நகர வேண்டிய இடங்களைப் பேச்சுப்போலப் பாடிக் கடந்துவிடுவார்கள். மனசு நிற்கிற இடத்தில் ஆரியா என்று தனிப்பாட்டு.

லீவு நாளில் யூடியூபில் தேடிக் கேள்: பிலிப் கிளாஸ் இசையமைத்த ‘சத்தியாகிரகா’. 1980இல் ரோட்டர்டாமில் அரங்கேறியது. காந்தியின் தென்னாப்பிரிக்க நாட்கள்தான் பொருள்; வார்த்தைகளோ கீதையிலிருந்து எடுத்த சமஸ்கிருதம். முதல் காட்சியே குருக்ஷேத்திரம், அர்ஜுனனும் கிருஷ்ணனும் வருகிறார்கள். 2018இல் லாஸ் ஏஞ்சலிஸில் காந்தியாகப் பாடியவர் இலங்கை வம்சாவளியான ஷான் பணிக்கர். சபையில் சமஸ்கிருதம் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று நீயே யோசி.

மூன்றாவது, எந்த ராத்திரிக்குப் போவது. பதினெட்டு நாள் பாரதமும் பார்க்கிறேன் என்று கிளம்பாதே. வேலையும் போகும், ஆசையும் போகும். கிருஷ்ணகிரி, தருமபுரி ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில், தர்மராஜா கோயில் திருவிழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து. பகலில் வில்லிபாரதத்தை வைத்துச் சொல்லுகிற கதைதான் ராத்திரி வேஷம் கட்டி வரும். மதியம் பிரசங்கத்தில் உட்கார்ந்தவனுக்கு ராத்திரி பாட்டு திறந்துகொள்ளும். உனக்கு நான் சொல்வது மூன்று. துகிலுரிதல் ராத்திரி ஒன்று. அர்ஜுனன் தபசு இரண்டாவது: உயரமான தபசு மரத்தை நட்டு, வேஷக்காரர் பாடிக்கொண்டே மேலே ஏறுவார், பிள்ளை வரம் கேட்கிற பெண்கள் கீழே முந்தானை ஏந்தி நிற்பார்கள், மேலிருந்து அவர் போடுகிற பிரசாதத்துக்கு. மூன்றாவது படுகளம். ராத்திரியெல்லாம் நடந்த பதினெட்டாம் போர் விடிந்தபின் திடலுக்கு வரும்; மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடக்க, பீமன் தொடையில் அடிப்பான், திரௌபதி கூந்தலை முடிவாள். அன்று சாயங்காலம் தீமிதி. அங்கே உன்னைச் சுற்றி இருக்கிற பெண்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் இல்லை, வேண்டுதலோடு வந்தவர்கள். அதைத் தெரிந்து நட.

எல்லைக்கு அந்தப் பக்கமும் அம்மன் இவள்தான். ஆனேக்கல் கரகமும் பெங்களூரு கரகமும் திரௌபதிக்கே எடுப்பது. உன்னோடு வேலை பார்க்கிற கன்னடக்காரப் பையன்களைக் கேள், உனக்கு முன்னால் அவர்கள் கதை சொல்வார்கள்.

படிக்கவும் கேட்டிருந்தாய். ந. முத்துசாமியின் ‘அன்று பூட்டிய வண்டி’யைத் தேடி வாங்கு. சென்னையில் கூத்துப்பட்டறை தொடங்கியவர். செய்யாறு பக்கம் புரிசை கண்ணப்ப தம்பிரானின் ஆட்டத்தைப் பார்த்து மனம் பறிகொடுத்தவர். அவரும் இந்தத் திடலுக்குப் புதிதாக வந்தவர்தான், தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர். ஆண்களே பெண் வேஷம் கட்டுவது ஏன் என்று கேட்டிருந்தாய். வழக்கம் அப்படி வந்துவிட்டது. காஞ்சிபுரம் பக்கம் ராஜகோபால் நடத்திய கட்டைக்கூத்து குருகுலத்தில் 2002இலிருந்து பெண் பிள்ளைகளும் கற்று, ராஜா வேஷமும் கட்டினார்கள். அத்தைக்கு அதைப் பார்ப்பதில்தான் ஆசை அதிகம்.

கடைசியாகக் காசு. திடலில் டிக்கெட் கிடையாது என்பதால் இலவசம் என்று எண்ணிவிடாதே. ஊர் வரி போட்டு நடத்துகிறது; பங்குனியிலிருந்து ஆடி வரை ஓடுகிற ஆட்டத்தை வைத்து வருஷத்தை ஓட்ட முடியாமல், மற்ற மாதங்களில் கூலி வேலைக்குப் போகிற கலைஞர்கள் நிறைய. பிடித்த பாட்டுக்கு அன்பளிப்பு கொடு. உன் பெயரைச் சொல்லி வாழ்த்துவார்கள். கூச்சமாக இருந்தால் பின்பாட்டுக்காரரின் பெயரைக் கேட்டு, அவருக்கு என்று சொல்லிக் கொடு. வேஷம் கட்டாதவர்களை மறந்துவிடக் கூடாது.

அடுத்த தடவை தனியாகப் போகாதே. உன் ரூமில் இருக்கும் பீகார்ப் பையன் கூத்தைக் கேலி பண்ணினான் என்று எழுதியிருந்தாயே, அவனை அழைத்துக்கொண்டு போ. தமிழ் தெரியாதே என்று தயங்காதே. கர்ணன் யார், குந்தி யார் என்று அவனுக்கு நீ சொல்லித்தர வேண்டியதில்லை, அவன் பாட்டி சொல்லியிருப்பாள். பொன்னுருவி ஒருத்தியைப் பற்றி மட்டும் உனக்குத் தெரிந்த இந்தியில் முன்கூட்டியே சொல்லிவிடு. ஆனித் திருவிழா நோட்டீஸ் வந்ததும் தேதி எழுதுகிறேன். இரண்டு பேருக்கும் மறுநாள் வீக் ஆஃப் வருகிறமாதிரி சூப்பர்வைசரிடம் பேசி வை. சாப்பாடு இங்கே.

இப்படிக்கு,
உன் அத்தை