ஜக்கார்டு அட்டை முதல் பென்டிரைவ் வரை

ஆரணியில் பட்டுத்தறியின் மேலே தொங்கும் துளையிட்ட அட்டைச் சரத்தைக் காணாதவர் அரியர். கணிப்பொறி பயிலும் மாணவர் அதனைச் சற்று நின்று நோக்குதல் நன்று. செய்தியைப் பதிந்து, வேறிடம் கொண்டு சென்று, மற்றொரு பொறியில் மீண்டும் இயங்கச் செய்யும் கலையின் மூத்த வடிவங்களுள் அதுவும் ஒன்றாகும்.

பிரான்சின் லியோன் நகரில் 1725-ஆம் ஆண்டு பசீல் பூசோன் என்பார் துளையிட்ட காகிதச் சுருளைத் தறியில் பொருத்தினார். முன்னோர் முயற்சிகளைத் தொகுத்து, 1804-இல் அட்டைக் கோவையால் இயங்கும் கருவியாகச் செம்மை செய்தவர் ஜோசப் மரி ஜக்கார்டு. அவர் பெயரே இன்றளவும் நம் நெசவாளர் நாவில் வழங்குகிறது.

ஓர் அட்டை ஓர் ஊடைக்குரியது. துளையுள்ள இடத்தில் ஊசி உட்புகும். அதனோடிணைந்த கொக்கி மேலெழுந்து பாவிழையைத் தூக்கும். துளையில்லாவிடில் ஊசி பின்தள்ளப்படும். இழை கீழேயே நிற்கும். உண்டு, இல்லை என்னும் இவ்விரண்டுமே கணிப்பொறியின் ஒன்றும் சுழியும். அமெரிக்காவின் 1890-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கை எர்மன் ஒலரித் துளையட்டைகளைக் கொண்டே விரைந்து எண்ணினார்.

240 கொக்கிகளுள்ள பெட்டியில் 400 அட்டைகள் வேண்டும் ஒரு முந்தானை வடிவைக் கருதுவோம். இரண்டையும் பெருக்கினால் 96,000 பிட்டுகள். அஃதாவது 12,000 பைட்டுகள். அவ்வட்டைகளைச் சுமக்க ஒரு மூட்டை தேவை. 1.44 மெகாபைட் ஃபிளாப்பி ஒன்றில் இத்தகைய வடிவங்கள் ஏறத்தாழ 120 அடங்கின. 8 கிகாபைட் பென்டிரைவிலோ ஆறு இலட்சத்திற்கு மேல் அடங்கும்! மின்னணு ஜக்கார்டு பொருத்திய தறிகளுக்கு அட்டையே வேண்டா. கணிப்பொறியில் வரைந்த வடிவைப் பென்டிரைவில் கொண்டு வந்து ஏற்றிவிடலாம்.

ஆயினும் கொள்ளளவு வேறு, நிலைபேறு வேறு. ஃபிளாப்பியின் விற்பனையைச் சோனி நிறுவனம் 2011-இல் ஜப்பானில் நிறுத்தியது. ஃபிளாப்பியில் சேமித்த வடிவு கெடாதிருப்பினும், அதைப் படிக்கும் கருவியைத் தேடி அலைய வேண்டியுள்ளது. பல்லாண்டு பயன்படுத்தாது வைத்த பென்டிரைவிலும் பதிவு மெல்ல அழியக்கூடும். அட்டையை எலி கடிக்கும், ஈரம் வளைக்கும். என்றாலும் அதன் துளைகளைக் கண்ணாலேயே படிக்கலாம். கிழிந்த அட்டை ஒன்றை மட்டும் புதிதாகக் குத்திக் கோத்துக்கொள்ளலாம்.

ஓலை பழுதுறுமுன் படியெடுத்த மரபு தமிழருக்குப் புதிதன்று. பழைய அட்டைக் கட்டுகளை எடைக்குப் போடுமுன், வரிசையெண் மாறாமல் தரையில் பரப்பி ஒளிப்படம் எடுத்தல் ஒருநாள் வேலையே. வடிவின் பெயரையும் கொக்கி எண்ணிக்கையையும் நெய்த முதியவரிடமே கேட்டு, உடன் எழுதி வைத்தல் வேண்டும்.